மொழிச் சுமையை யார் சுமப்பது?

எனது தங்கையின் மகள் இலங்கையின் பல்கலைக்கழகம் ஒன்றிலே கலைப்பீட முதலாம் வருட மாணவி. க.பொ.த. உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் கற்றவள். அவள் தெரிவுசெய்த பாடங்களுள் இரண்டு ஆங்கிலமொழி மூலம் போதிக்கப்படுகின்றன. சில வாரங்களுக்கு முன்னர் ஒரு நாளிரவு தொலைபேசியில் அழைத்தாள். குரல் கம்மியிருந்தது.

“மாமா, பெயிலாப் போனாலும் பரவாயில்லை. எனக்குப் பாடம் விளங்கேல்லையா, இங்கிலிஷ் விளங்கேல்லையா எண்டு எனக்கே தெரியேல்லை. அதுதான் பயமாக்கிடக்கு.”

அவளுக்கு நான் உடனடியாகக் கூறிய ஆறுதல் வார்த்தைகள் எனக்கே போதுமானவையாகத் தோன்றவில்லை. ஏனெனில் சுமார் முப்பது வருடங்களுக்கு முன்னர் இதே கேள்வியை நானும் என்னுள் கேட்டுக்கொண்டிருந்தவன். எங்கள் பல்கலைக்கழகங்களில் இதற்கு வழக்கமான விடையொன்று உண்டு. பாடத்தை விரிவுரையாளர் கற்பிப்பார்; ஆங்கிலத்தை ஆங்கில அலகு கற்பிக்கும்; இரண்டையும் பொருத்திக்கொள்வது மாணவரின் பொறுப்பு. கேட்பதற்கு நியாயமான தொழிற்பிரிவினை போலத் தோன்றும் இந்த ஏற்பாடு உண்மையில் நியாயமானதா என்பதை எங்கள் சொந்த வரலாற்றைக் கொண்டே பார்க்கலாமென எண்ணுகிறேன். அந்த வரலாறு ஏறக்குறைய இருநூறு வருடப் பழமை வாய்ந்தது. அது தொடங்குவது வட்டுக்கோட்டையில்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்திற்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் தொடக்கிய உயர்கல்வி நிறுவனமே வட்டுக்கோட்டை செமினறி. டானியல் பூர் அதன் முதலாவது அதிபர். மதப்பரப்பலே அதன் இறுதி நோக்கம் என்பதை அவர்கள் மறைத்ததில்லை. ஆயினும் அங்கு வகுக்கப்பட்ட பாடத்திட்டம் இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆங்கிலம், கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம் ஆகியவற்றோடு தமிழ் இலக்கண இலக்கியங்களும் கற்பிக்கப்பட்டன. தெரிவுசெய்யப்பட்ட சிலருக்குச் சமஸ்கிருதமும் உண்டு. ஐரோப்பிய அறிவைப் பெறுவதற்கு ஆங்கிலம் வேண்டும். பெற்ற அறிவைத் தம் மக்களிடம் கொண்டு செல்வதற்குத் தமிழில் ஆழ்ந்த பயிற்சி வேண்டும் என்பதே அத்திட்டத்தின் தர்க்கம்.

பூருக்குப் பின் அதிபராயிருந்த ஹென்றி ஹொய்சிங்டன் 1848இல் வெளியிட்ட வானியல் நூலொன்று இந்தத் தர்க்கத்துக்கு நல்ல சான்று. எங்கள் மரபுவழி வான சாஸ்திரத்தின் தமிழ்ப் பாடமும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், விளக்கக் குறிப்புகளும் ஒரே நூலில் அமைந்திருந்தன. அந்த நூலை விரித்து வைத்திருந்த மாணவன் ஒரே நேரத்தில் வானியலையும் ஆங்கிலத்தையும் கற்றான் எனலாம். அதிலும் முக்கியமானது, அவன் ஏற்கனவே அறிந்திருந்த பஞ்சாங்க அறிவிலிருந்து அந்தப் பாடம் தொடங்கியமையாகும். தெரியாத மொழியில் தெரியாத விடயத்தை அவன் தலையில் ஏற்றவில்லை.

விளைவு என்ன? பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1841இல் வெளிவரத் தொடங்கிய ‘உதயதாரகை’. தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த அந்தப் பத்திரிகையின் ஆசிரியர்களாயிருந்த ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினறியின் மாணவர்களே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகப் போற்றப்படும் கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கு கற்றவர்களே. தாமோதரம்பிள்ளை பின்னர் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியதை வாசகர்கள் அறிவர். ஆங்கிலத்தில் உயர்கல்வி கற்றவரே ஏட்டுச் சுவடிகளிலிருந்து தமிழை மீட்டார். இரு மொழியையும் ஒருங்கே சுமக்கப் பழகிய ஒருவராலேயே அது இயன்றது என்பது என் துணிபு.

அந்தச் செமினறி 1855இல் மூடப்பட்டது. அமெரிக்க மிஷன் தலைமையின் சார்பில் அவ்வாண்டு வருகைதந்த றூபஸ் அண்டர்சன் குழுவினரின் தீர்மானத்தை அடுத்தே அது நிகழ்ந்தது. ஆங்கிலம் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகங்களை நாடி வெளியூர்களுக்குச் செல்கின்றனர், கிராமத்துக்குப் பயன்படுவதில்லை, ஆதலால் சுதேச மொழிக் கல்வியே போதும் என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று கூறமுடியாது. ஆயினும் சுதேச மொழியின் பெயரால் அன்று அவர்கள் செய்தது உயர்கல்வியின் கதவை அடைத்தமையே. தமிழில் உயர்கல்வி தருவதற்கு மாற்று ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் தோன்றுவதற்கு 1872 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே வாதத்தை ஏற்றுக்கொண்டு, ஆனால் முற்றிலும் மாறான காரியத்தைச் செய்தவர் ஒருவர் அக்காலத்திலேயே மானிப்பாயில் இருந்தார். அவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரைச் சேர்ந்த கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருடமே மருத்துவ வகுப்பொன்றை ஆரம்பித்தார். அப்போது போதனாமொழி ஆங்கிலம். மாணவர்கள் கெட்டிக்காரர்கள், கற்றுத் தேறினார்கள், தேறியதும் அவர்களிற் பலர் அரசாங்க சேவைக்கும் வெளியிடங்களுக்கும் சென்றனர். கிறீன் இதனைக் கண்டார். 1857இல் தாயகம் சென்று 1862இல் திரும்பி வந்த அவர், 1864இல் மருத்துவக் கல்வியைத் தமிழுக்கு மாற்றினார்.

இங்கேதான் வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். போதனாமொழியை மாற்றுவதென்றால் ஓர் அறிவித்தலோடு காரியம் முடிந்துவிடும் என்று அவர் எண்ணவில்லை. முதலில் தாமே தமிழைக் கற்றார். பின்னர் தம்மிடம் பயின்ற மாணவர்களைத் துணைகொண்டு பாடநூல்களைத் தமிழாக்கும் பணியில் இறங்கினார். சத்திரசிகிச்சை பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வந்தது. ஆங்கில மூலம் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இல் என்பதை நினைவிற்கொண்டால், வெறும் பதினான்கு வருடங்களில் அது மானிப்பாய் மாணவனின் கையில் தமிழில் இருந்தது. ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’, ‘மனுஷ சுகரணம்’ எனப் பணி தொடர்ந்தது. 1873இல் அவர் நாடு திரும்பிய பின்னரும் அங்கிருந்தபடியே இவ்வேலையைச் செய்தார்.

கலைச்சொற்களுக்கு அவர் கைக்கொண்ட ஒழுங்கு எளிமையானது. முதலில் தமிழில் ஏற்கனவே சொல் இருக்கிறதா என்று தேடுவது. இல்லையேல் சமஸ்கிருதத்தில் தேடுவது. அங்கும் பொருந்தியது கிடைக்காவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எடுத்துக்கொள்வது. இரசாயனவியலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று அவர் பெயரிட்டது மூன்றாவது வழியில். ‘அங்காதிபாதம்’ என்ற சொல்லைக் கேட்கும் தமிழனுக்குக் கேசாதிபாதம் நினைவுக்கு வராமலிராது. தலைமுதல் அடிவரை ஓருடலை வருணித்துச் செல்லும் முறை அவனுக்குப் பழக்கமானது. எலும்பும் நரம்பும் மட்டுமே புதியன.

தமிழ்வகுப்பு, ஆங்கிலவகுப்பு இரண்டிலுமாக அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் பயின்றனர். தமிழில் மருத்துவம் படிப்பித்தவர் என்றே அவரைப் பாராட்டுவது வழக்கம். நான் அவரை வேறொரு காரணத்துக்காகப் பாராட்ட விரும்புகிறேன். மொழியால் வரும் பாரத்தின் பெரும்பகுதியை ஆசிரியராகிய அவர் தம் தோளில் ஏற்றினார். உடற்கூறு கற்பிப்பது என் வேலை, சொற்களைத் தேடிக்கொள்வது உன் வேலை என்று மாணவனிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லையும் மாணவர்களோடு சேர்ந்து தேடியதால், சொல்லைத் தேடுவதே பாடத்தின் ஒரு பகுதியாயிற்று.

அவருக்குப் பின் அந்த முயற்சி நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கொழும்பில் 1870இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்விக்கூடம் ஆங்கிலத்தில் நடந்தது. அரசின் அங்கீகாரமும் எதிர்காலமும் அதன் பக்கமே இருந்தன. மருத்துவம் வருடந்தோறும் மாறும் துறை. தமிழ் நூல்களைப் பதிப்புக்குப் பதிப்பு புதுப்பிக்க ஒரு நிறுவனம் வேண்டியிருந்தது. அது இருக்கவில்லை. தனியொரு மனிதரின் உழைப்பு எவ்வளவு பெரியதாயினும், அவர் போனபின் அது நூலகத் தட்டில் ஏறிவிடும் என்பதற்கு அந்நூல்களே சாட்சி.

இனி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டைத் தாண்டி வருவோம். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம், 1952இல் பேராதனை வளாகம் என வளர்ந்த உயர்கல்வி முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. அங்கு சென்றவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பாடசாலைகளிலிருந்து சென்றவர்கள். ஆகவே மொழிப் பிரச்சினை வகுப்பறைக்குள் தெரியவில்லை. அது வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வி கீழ்வகுப்புகளிலிருந்து மேல்வகுப்புகளுக்கு ஏறிவந்தது. 1960இல் சிங்களத்திலும் தமிழிலும் கற்ற மாணவர்களுக்குக் கலைப்பீடத்தின் கதவு திறந்தது. கிராமத்துப் பிள்ளைகள் முதன்முறையாகப் பெருந்தொகையாக உள்ளே வந்தார்கள். இதைவிடப் பெரிய சமூக மாற்றம் எங்கள் கல்வி வரலாற்றில் இல்லை.

ஆனால் கிறீன் செய்த வேலையை இம்முறை யார் செய்தார்கள்? அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டது. சில நூல்கள் மொழிபெயர்க்கப்பட்டன. தனிப்பட்ட பேராசிரியர்கள் சிலர் தமிழில் அரிய நூல்களை எழுதினர். அவர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் தேவையோடு ஒப்பிடுகையில் அது சிறுதுளி. விரிவுரை தமிழில், நூலகம் ஆங்கிலத்தில் என்ற நிலை உருவாயிற்று. இவ்விரண்டுக்கும் இடையிலான பாலம் விரிவுரையாளர் சொல்லச் சொல்ல எழுதும் ‘நோட்ஸ்’ ஒன்றுதான். இதற்கிடையில் 1956இன் தனிச்சிங்களச் சட்டமும், 1970களின் தொடக்கத்தில் போதனாமொழி வாரியாக வெவ்வேறு புள்ளிகளைக் கோரிய தரப்படுத்தலும் மொழி என்ற சொல்லையே காயமாக்கிவிட்டன. எந்த மொழியில் கற்பது என்பது உரிமைப் பிரச்சினையாயிற்று, அது இயல்பே. அந்த மொழியில் எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி மட்டும் கேட்பாரற்றுப் போயிற்று.

நான் பல்கலைக்கழகம் புகுந்தது 1990களின் முற்பகுதியில். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கு அவசியமில்லை. வரலாறு என் பாடம், தமிழ்மொழி மூலம். வாரத்தில் இரு நாட்கள் கட்டாய ஆங்கில வகுப்பு, அஸ்பெஸ்டஸ் கூரை வேய்ந்த தனிக் கட்டடமொன்றில். அங்கு எங்களுக்குத் தரப்பட்ட பாடங்களில் ஒன்று ரயில் நிலையத்திலே பயணச்சீட்டு வாங்கும் உரையாடல். வடக்குக்கான ரயில் 1990இல் நின்றுபோயிருந்தது. அது மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது 2014இல். இல்லாத ரயிலுக்கு எங்களுக்குத் தேவையற்ற மொழியில் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த வகுப்பை முடித்து நூலகத்துக்குச் சென்று வரலாற்று நூலொன்றைத் திறந்தால் முதற் பக்கத்தைத் தாண்ட இயலாது. பயணச்சீட்டு ஆங்கிலம் அங்கு உதவவில்லை.

ஒரேயொரு விரிவுரையாளர் வேறு வழியில் சென்றார். பிரித்தானியர் கால இலங்கை வரலாறு அவருடைய பாடம். கோல்புறூக் – கமரன் விசாரணையும், 1832இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டதும், 1833இல் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டதும் எங்கள் பாடத்தின் மையம். ஒரு நாள் அவர் அக்காலத்து அரசாங்க எழுத்தின் ஒரு பக்கத்தை ரோனியோ செய்து கொண்டுவந்தார். எங்களுக்குத் தலை சுற்றியது. அவரோ அவசரப்படாமல் கரும்பலகையில் ஒரேயொரு வாக்கியத்தை எழுதினார். இன்ன காரியம் தகுமெனக் கருதப்பட்டது என்பது போன்ற வாக்கியம். பின்னர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“தம்பி, இதிலை ஆரால் கருதப்பட்டது எண்டு கிடக்கே?”

“இல்லை சேர்.”

“ஏன் இல்லை?”

அந்த ‘ஏன் இல்லை’யில் ஒரு மணித்தியாலம் போயிற்று. செயப்பாட்டு வினை பற்றி நாங்கள் பள்ளியில் படித்திருந்தோம். ஆட்சியாளர் எழுதும்போது எழுவாய் மறைந்துவிடுகிறது என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. வரி விதிக்கப்படுகிறது, நிலம் அளக்கப்படுகிறது, வழக்கம் ஒழிக்கப்படுகிறது. விதித்தவன் யார், அளந்தவன் யார், ஒழித்தவன் யார் என்று தேடிப் பிடிப்பதே வரலாற்று மாணவனின் வேலை. அன்று நான் ஆங்கில இலக்கணம் கற்றேனா, வரலாறு கற்றேனா என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது. அந்தக் கேள்வியே பின்னர் என் தொழிலுமாயிற்று. ‘தாக்குதல் நடத்தப்பட்டது’, ‘விசாரணை முன்னெடுக்கப்படுகிறது’ என்று வரும் அறிக்கைகளை மேசையில் வைத்துக்கொண்டு, ஆரால் என்று கேட்பதற்கு எனக்குக் கற்றுத்தந்தது அந்த ரோனியோத் தாள்தான்.

அதற்கு விலையும் இருந்தது. பாடத்திட்டத்தின் பாதியை மட்டுமே அவரால் முடிக்க முடிந்தது. மீதியைப் பழைய மாணவர்களின் நோட்ஸைப் பார்த்து மனனஞ் செய்து பரீட்சை எழுதினோம். சக விரிவுரையாளர் சிலர், தமிழ்மொழி மூல வகுப்பில் இங்கிலிஷ் எதற்கு என்று அவரைக் கேலி செய்ததும் எங்கள் காதில் விழுந்தது. பின்னர் வந்த வருடங்களில் அவரும் நோட்ஸ் சொல்லத் தொடங்கினார் எனக் கேள்விப்பட்டேன்.

இந்த அனுபவம் எனக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் ஆங்கிலம் கற்பித்தவரான பேராசிரியர் சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூலொன்றில், அமெரிக்கப் பாடநூலொன்றை வைத்துக்கொண்டு கலைப்பீட மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பதை விவரித்துள்ளார். புத்தகத்தின் ஓரங்களில் அவர்கள் தங்கள் சொந்த உலகத்தை வரைந்தும் எழுதியும் வைத்திருந்தார்கள். வகுப்பிலே ஆங்கிலம் மட்டுமே என்பது எழுதப்படாத விதியாயிருந்தபோதும் ஆசிரியரும் மாணவரும் விளக்கம் தேவைப்பட்ட இடத்தில் தமிழுக்கு மாறியே பாடத்தை நகர்த்தினர் என்பதையும் அவர் ஆய்ந்தெழுதினார். ரொறன்ரோவிற் பணியாற்றிய கல்வியியலாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த வேறுபாடும் இங்கு பொருந்தும். அன்றாட உரையாடலுக்கான மொழி வேறு, கல்விக்கான மொழி வேறு. முன்னையது ஓரிரு வருடங்களில் வந்துவிடும். பின்னையது ஐந்து முதல் ஏழு வருடம் வரை எடுக்கலாம். கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் புலம்பெயர்ந்த எம்மவரின் பிள்ளைகளை வகுப்பறையிற் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளையாட்டு மைதானத்தில் சரளமாகப் பேசும் பிள்ளை சரித்திரக் கட்டுரையில் தடுமாறும்.

எங்கள் மாணவர்கள் ஆங்கிலத்தை ‘கடுவ’, அதாவது வாள் என்று சிங்களத்தில் அழைத்தமை பலருக்குத் தெரிந்ததே. வெட்டுவதற்கு அது எவர் கையிலோ இருக்கிறது. வெட்டுப்படுவது நாங்கள் என்ற உணர்வு அந்தச் சொல்லில் உண்டு. இன்று கலைப்பீடப் பாடங்கள் பலவும் ஆங்கிலத்துக்கு மாறிவருகின்றன. வேலைவாய்ப்பு வேண்டும், உலகத்தோடு பேச வேண்டும் என்ற காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆயினும் 1855இல் அண்டர்சன் செய்ததும், 1960இன் பின்னர் நாம் செய்ததும், இன்று செய்வதும் ஒரு விடயத்தில் ஒன்றாகவே உள்ளன. மொழி மேலிருந்து மாற்றப்படுகிறது. மாற்றத்தின் பாரம் மட்டும் வகுப்பறையின் கடைசி வாங்கில் இருக்கும் மாணவியின் தலையில் இறக்கப்படுகிறது.

கிறீனும் எனது விரிவுரையாளரும் காட்டிய வழி பெரும் பணம் கோருவதன்று. வரலாற்று விரிவுரையாளரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வகுப்பறையில் ஒரே பக்கத்தை முன்வைத்து நிற்கலாம். ஆங்கில வகுப்பின் வாசிப்புப் பகுதி அந்த வாரத்து விரிவுரையிலிருந்தே எடுக்கப்படலாம். மாணவர் முதலில் தமிழில் வாதத்தைக் கட்டி, அதன்பின் ஆங்கிலத்தில் எழுத அனுமதிக்கப்படலாம். பாடத்திட்டம் சற்றுக் குறைய வேண்டும். அந்தக் குறைவை நிருவாகம் ஏற்க வேண்டும். அதற்கு ஒரு மனிதரின் நல்லெண்ணம் போதாது என்பதை மானிப்பாயின் கதை ஏற்கனவே கூறிவிட்டது.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை மகளிடம் அவளை மிகவும் வருத்தும் பக்கம் ஒன்றைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் இருவருமாக வாசித்தோம். மூன்றாம் வாக்கியத்தில் நிறுத்தி, “இதைச் செய்தது ஆர் பிள்ளை?” என்று கேட்டேன். சற்று நேரம் மௌனம்.

“மாமா, அதை இதிலை எழுதேல்லையே” என்றாள்.

பாடம் அவளுக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அவளுடைய வகுப்பில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் தொலைபேசி எடுக்க ஒரு மாமா இருக்கமாட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் விரிவுரை மண்டபமே.